விட்டதும் வைத்துக்கொண்டதும்

1947 ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு பெரிய நடிகர்கள் சிறையிலிருந்து விடுதலையானார்கள். ஒருவர் எம்.கே.தியாகராஜ பாகவதர், இன்னொருவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஒரே வழக்கு, ஒரே சிறைவாசம், ஒரே விடுதலை. அதற்குப் பிறகு நடந்தவை மட்டும் ஒன்றாக இல்லை. ஒரு கலைஞர் ஏன் நீடிக்கிறார், இன்னொருவர் ஏன் உதிர்ந்துபோகிறார் என்று யோசிப்பவர்கள் இந்த இருவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாகவதர் உள்ளே போகும்போது அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவர் வெளியே வந்தபோது குரல் போய்விடவில்லை; ரசிகர்கள் அன்பும் வற்றிவிடவில்லை. ஆனால், அவர் வென்றிருந்த போட்டியின் விதிகள் மாறியிருந்தன. அவருடைய காலத்தில் பாடத் தெரிந்தவர்தான் நடிகர். 1945-ல் வந்த ஏவி.எம்.மின் ‘ஸ்ரீவள்ளி’யில், நடித்த ருக்மணிக்கு பி.ஏ.பெரியநாயகி பின்னணி பாடினார். அந்த முறை வேரூன்றியதும், பாடத் தெரியாத ஒருவரும் நட்சத்திரமாகலாம் என்றாகிவிட்டது. போர்க்காலத்தில் பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்துக்கு அரசு வரம்பு கட்டியது. பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. பிறகு வசனம் வந்தது. 1949-ல் அண்ணாவின் ‘வேலைக்காரி’, 1952-ல் கருணாநிதியின் ‘பராசக்தி’. ஜனங்கள் இப்போது பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்து வசனப் புத்தகத்தையும் வாங்கினார்கள்.

பாகவதர் 1948-ல் சொந்தமாக ‘ராஜமுக்தி’ எடுத்தார். அதே ராஜ உடை, அதே சங்கீதம். படம் தோற்றது. ‘அமரகவி’, ‘சியாமளா’, ‘புது வாழ்வு’ என்று அடுத்து வந்தவையும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. 1959-ல் காலமானார். அவர் தவறு செய்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னிடம் இருந்த ஆகச் சிறந்த ஒன்றைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கொடுத்தார். அது யாருக்குத் தேவைப்பட்டது என்பதுதான் மாறிப்போயிருந்தது.

கலைவாணர் வெளியே வந்தவுடன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். ‘நல்லதம்பி’ (1949) படத்துக்கு அண்ணாவை எழுத வைத்தார். நந்தனார் சரித்திரத்தைத் தலைகீழாக்கி, படிப்பால் உயரும் பையனின் கதையாகச் சொன்ன ‘கிந்தனார்’ காலட்சேபத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தார். 1951-ல் ‘மணமகள்’, 1952-ல் ‘பணம்’ ஆகிய படங்களை இயக்கினார். இரண்டுக்கும் வசனம் கருணாநிதி. அதாவது, புதிதாக வந்த வசனகர்த்தாக்களைப் போட்டியாளர்களாகப் பார்க்காமல் கூட்டாளிகளாக ஆக்கிக்கொண்டார். நகைச்சுவை நடிகராக உள்ளே போனவர், வெளியே வந்து இயக்குநராகவும் சமூகப் பிரச்சாரகராகவும் ஆனார். அதே சமயம், நாகர்கோவில் பக்கத்து வில்லுப்பாட்டிலிருந்து எடுத்து வந்த கதைசொல்லும் லாகவத்தை மட்டும் அவர் விடவே இல்லை. வேடம், பொறுப்பு, மேடை எல்லாம் மாறின. ஜனங்களிடம் கதை பேசுகிற வாய் மாறவில்லை.

புதுப்பித்துக்கொள்வது என்றால் எல்லாவற்றையும் மாற்றுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீடித்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. வயதுக்கும் மோஸ்தருக்கும் கட்டுப்படாத ஒன்று தங்களிடம் என்ன இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற அனைத்தையும், நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே, விட்டிருக்கிறார்கள். இதற்குத் தமிழில் ஒரே ஒரு உதாரணம்தான் சொல்ல முடியும் என்றால், நான் மனோரமாவைத்தான் சொல்வேன்.

பள்ளத்தூர் பாப்பா

1958-ல் கண்ணதாசன் ‘மாலையிட்ட மங்கை’ படத்தைத் தயாரித்தார். ‘ஸ்ரீவள்ளி’யும் ‘நாம் இருவ’ரும் தந்த புகழிலிருந்து சரிந்து, சொந்தப் படத் தயாரிப்பில் நொடித்துப்போயிருந்த டி.ஆர்.மகாலிங்கத்துக்கு அது மறுவாழ்வு கொடுத்த படம். பாடும் கதாநாயகர்களின் கடைசித் தலைமுறைக்காரர் அவர். அதே படத்தில்தான், நாடக மேடைகளில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் வாங்கியிருந்த ஓர் இளம் பெண் நகைச்சுவை வேடத்தில் சினிமாவுக்குள் நுழைந்தார். ஒரு யுகம் வெளியேறிக்கொண்டிருந்த வாசலில், அடுத்த அரை நூற்றாண்டு உள்ளே வந்தது.

மன்னார்குடியில் 1937-ல் பிறந்து, காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, படிப்பைப் பாதியில் விட்டு, பன்னிரண்டு வயதில் மேடையேறியவர் மனோரமா. கதாநாயகியாக வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. கதாநாயகி என்றால் சில வருஷங்கள்தான், நகைச்சுவை நடிகை என்றால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கண்ணதாசன் தனக்கு எடுத்துச் சொன்னதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கவிஞர் சொன்னது சந்தைக் கணக்கு. அந்தக் கணக்கை இருபது வயதில் ஒருவர் புரிந்துகொள்வது எளிதில்லை. 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகி வாய்ப்பே வந்தது, நடித்தார். ஆனால், அந்த நாற்காலியைப் பிடித்துத் தொங்கவில்லை. நகைச்சுவைக்கே திரும்பினார். தமிழ்ப் பெண் கலைஞர்களின் வரலாற்றில் ஆகத் துணிச்சலான தொழில் முடிவு இது என்பது என் எண்ணம்.

அன்றைய சினிமாத் தொழில் எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் அதன் முழு அர்த்தம் புரியும். கதாநாயகியின் கால்ஷீட் ஒரு படத்துக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகும். காமெடி டிராக்குக்குச் சில நாட்கள் போதும். காலையில் ஏவி.எம்., மதியம் வாஹினி, இரவு வேறொரு ஸ்டூடியோ என்று ஒரே நாளில் பல படங்களுக்குப் போகலாம். ஒரு படம் தோற்றால் பழி கதாநாயகியின் தலையில் விழும். காமெடி நடிகையின் மேல் விழாது. பத்துப் படங்களில் இரண்டு ஓடினால்கூட ஜனங்கள் முகத்தை மறக்க மாட்டார்கள். ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியதற்குப் பின்னால் அசுர உழைப்போடு இந்த ஏற்பாடும் இருந்தது. புகழின் உச்சியை விட்டுக்கொடுத்து, புகழின் நீளத்தை வாங்கிக்கொண்டார்.

அவர் வைத்துக்கொண்டது என்ன? காது. ஊர் ஊராக நாடகம் போட்டவர்களுக்கு வாய்க்கும் காது அது. எந்த ஊரில் எந்தச் சொல்லை எப்படி இழுப்பார்கள், எந்த வீட்டில் கோபம் எந்த ஸ்தாயியில் வரும் என்று கேட்டு வைத்துக்கொள்கிற காது. கேட்டதைப் பிசகாமல் திருப்பித் தரும் நாக்கு. ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) தூத்துக்குடிப் பெண்ணாகப் பேசினார். அடுத்த வருஷம் ‘பொம்மலாட்ட’த்தில் சோவோடு சேர்ந்து மெட்ராஸ் பாஷையில் பொளந்து கட்டினார், அந்தப் பாஷையிலேயே ஒரு பாட்டும் பாடினார். தெருவில் பேசுகிற பேச்சு சினிமாப் பாட்டாகவும் ஆகலாம் என்று காட்டிய குரல்களில் அதுவும் ஒன்று. அதே 1968-ல்தான் ‘தில்லானா மோகனாம்பாள்’.

அதில் மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஜாம்பவான்கள் நிரம்பிய படம். நாயகன் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்துக்கும் நாயகி மோகனாவின் பரதத்துக்கும் நடுவில், நாடகக் கொட்டகையிலிருந்து ஒருத்தி வருகிறாள். இழுத்து இழுத்துப் பேசுகிறாள். அவளுடைய வெகுளித்தனத்தைப் பார்த்து அரங்கமே சிரிக்கிறது. ஆனால், அந்தச் சிரிப்பு அவளைக் கீழே தள்ளுகிற சிரிப்பாக ஒரு கணம்கூட ஆவதில்லை. ஸ்பெஷல் நாடகக்காரிகளின் மானமும் தோழமையும் அந்தக் குரலுக்குள் இருக்கின்றன. தான் கடந்து வந்த மேடையை மனோரமா கேலிப்பொருளாக விற்கவில்லை. அதை உயர்த்தி வைத்தார். ஏ.பி.நாகராஜன் எழுதிக் கொடுத்தது பாதி. மீதி, பள்ளத்தூர் பாப்பா பன்னிரண்டு வயதிலிருந்து சேர்த்து வைத்தது.

அவரோடு ஜோடி சேர்ந்தவர்களின் வரிசையைப் பாருங்கள். நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன். நாகேஷுக்கு உடம்பே ஒரு ஸ்பிரிங். அவரோடு நடிக்கும்போது வேகத்துக்கு வேகம் கொடுக்க வேண்டும். சோ உடம்பை அதிகம் அசைக்க மாட்டார், எல்லாம் பேச்சில்தான். அங்கே கவுன்ட்டர் கச்சிதமாக விழ வேண்டும். தேங்காய் சீனிவாசன் குரலை உயர்த்தி ஏற்ற இறக்கத்தோடு ஆடுவார். சுருளிராஜன் கரகரப்பான குரலில் சொல்லைக் கடித்துத் துப்புவார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு டைமிங். ஒவ்வொருவர் காலம் முடியும்போதும் அடுத்தவரின் தாளத்தை அவர் கற்றுக்கொண்டார். நகைச்சுவைச் சந்தையில் ராஜாக்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எதிரில் நின்று ஆடியவர் மாறவே இல்லை.

ஐம்பதை நெருங்கும்போது, ஜோடியாகவே வர வேண்டும் என்பதையும் விட்டார். ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. நடுத்தரக் குடும்பத்தின் மானப் பிரச்சினையைத் தீர்க்க, அந்த வீட்டின் படியேறி வேலை செய்கிற பெண்தான் தேவைப்படுகிறாள். விசு அதை எழுதினார், மனோரமா தியேட்டரைக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு பார்த்திபனின் முதல் படமான ‘புதிய பாதை’ (1989). துணை நடிகைக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. ‘சின்ன கவுண்ட’ரில் (1992) பல்லை எடுப்பாக்கிக்கொண்டு விஜயகாந்துக்குத் தாயாக வந்தார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையைப் பல வருஷங்களுக்கு முன்பே கழற்றி வைத்துவிட்டவருக்கு அந்தப் பல் பாரமாக இருந்திருக்காது. ‘ஜென்டில்மே’னில் (1993) மகனைப் படிக்க வைக்க உயிரையே கொடுக்கும் தாய். நடுவில் 1990-ல், ‘நடிகன்’ படத்தில் சத்யராஜின் பொய் வேடத்தில் மயங்கிக் காதலிக்கும் நடுவயதுப் பெண்ணாகவும் வந்து கலக்கினார். அம்மா வேடத்துக்குப் போய்விட்டோம், இனிமேல் காதல் காமெடி கூடாது என்று அவர் நினைக்கவில்லை. திறந்த கதவு எதையும் அவர் தானாகச் சாத்தவில்லை.

நாடக மேடையில் அண்ணாவோடும் கருணாநிதியோடும், திரையில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். ஆகியோரோடும் நடித்தவர் அவர். ஐந்து பேரும் முதலமைச்சர்களாக ஆனவர்கள். 2002-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10 அன்று அவர் காலமானபோது, அவரைக் கதாநாயகனின் அம்மாவாகப் பார்த்து வளர்ந்த தலைமுறையும், நாகேஷின் ஜோடியாகப் பார்த்துச் சிரித்த அதன் தாத்தா பாட்டியும் சேர்ந்தே அழுதார்கள்.

ஒரே படத்தில் ஒரு காட்சிசாலை

1989-ல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தை எல்லோரும் கமல்ஹாசனின் அப்பு வேடத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் படம் வேறு ஒரு காரணத்துக்காக முக்கியம். அதன் நடிகர் பட்டியலில், தங்களைப் புதிதாக உருவாக்கிக்கொண்டவர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

கமலின் இன்னொரு வேடமான ராஜாவை வளர்க்கும் முனியம்மாவாக மனோரமா. கொடூரமான தர்மராஜாக நாகேஷ். ‘சர்வர் சுந்தர’மாக (1964) தமிழ்நாட்டைச் சிரிக்கவும் அழவும் வைத்து, ‘திருவிளையாடல்’ (1965) தருமியாக நடிப்புக்கு இலக்கணம் எழுதியவர். தாராபுரத்திலிருந்து வந்த அந்த ரயில்வே குமாஸ்தாவின் மார்க்கெட் எழுபதுகளில் இறங்கியது. மறுபடி எழுந்தபோது பழைய துள்ளலைத் தேடிப் போகவில்லை. அந்த ஒல்லி உடம்பும் வெடுக்கென்ற குரலும் குரூரத்துக்கும் உதவும் என்று இந்தப் படத்தில் காட்டினார். 1994-ல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் அசையாத பிணமாகவே வந்து சிரிக்க வைத்தார். ஓடியாடித்தான் சிரிக்க வைக்க முடியும் என்ற நம்பிக்கையை, அதை உருவாக்கியவரே உடைத்தார். அதே வருஷம் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக ‘நம்மவர்’. அதற்குத் தேசிய விருது.

வில்லன் கூட்டத்தில் இன்னொருவர் ஜெய்சங்கர். அறுபதுகளில் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட். 1980-ல் ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்கு வில்லனாகச் சம்மதித்தவர். நாயகனாக இருந்தவர் அடுத்த தலைமுறை நாயகனிடம் அடி வாங்கும் வேடத்தை ஏற்பதற்குத் தனி மனத்திடம் வேண்டும். அது அவரிடம் இருந்தது. மேலும் பல ஆண்டுகள் அவர் திரையில் இருந்ததற்கு அதுவே காரணம்.

இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ். 1981-ல் இவரை வைத்துத்தான் கமல் தன் நூறாவது படமான ‘ராஜ பார்வை’யைச் சொந்தமாக எடுத்தார். பார்வையற்ற வயலின் கலைஞனின் கதை. நல்ல படம், ஓடவில்லை. கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பொதுவாக அந்தப் பக்கமே போவதில்லை. கமல் திரும்பிப் போனார். அதே இயக்குநரோடு வசனமே இல்லாத ‘பேசும் படம்’ (1987), பிறகு இந்தப் படம், அடுத்த வருஷம் ‘மைக்கேல் மதன காமராஜன்’. நடுவில் அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார். ‘அபூர்வ சகோதரர்க’ளில் பஞ்சு அருணாசலத்தின் கதை, கிரேஸி மோகனின் வசனம், இளையராஜாவின் பாட்டு எல்லாம் ஜனங்களுக்குப் பழகிய பழிவாங்கும் கதைக்குள் அந்தக் குள்ள அப்புவைப் பத்திரமாக உட்கார வைத்தன. புதுமை மட்டும் தனியாக நின்றால் ரசிகர் தயங்குகிறார். தெரிந்த வீட்டுக்குள் வைத்துக் கொடுத்தால் உரிமையோடு எடுத்துக்கொள்கிறார். இதை அறிந்த பிறகும் 1991-ல் ‘குணா’வில் நடித்து மறுபடியும் தோற்றார் என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். அந்தப் படத்தின் குகையும் பாட்டும் 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வழியாக, அப்போது பிறந்தே இராத பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன.

எம்.ஜி.ஆர். கடைசி வரை மாறவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திரையில் அவர் தன் பிம்பத்தை மாற்றாமல் காத்தார். அதற்கு ரசிகர் மன்றங்கள் என்ற பெரிய அமைப்பு அரணாக நின்றது. மாற்றம் நடந்தது திரைக்கு வெளியே, கோட்டையில். அந்த வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காது.

யாருக்கு வாய்ப்பு, யாருக்குக் கட்டாயம்

‘அபூர்வ சகோதரர்க’ளில் அப்புவுக்கும் ராஜாவுக்கும் தாய் காவேரி. நடித்தவர் ஸ்ரீவித்யா. இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வராமல் எழுத முடியவில்லை.

1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’. எம்.எல்.வசந்தகுமாரியின் மகளான ஸ்ரீவித்யாவுக்கு அப்போது வயது 22. வளர்ந்த பெண்ணுக்குத் தாயாக, கமல் காதலிக்கும் பாடகியாக, ரஜினியின் பிரிந்துபோன மனைவியாக நடித்தார். 14 வருஷம் கழித்து, தன்னைவிட ஒரு வயதே இளைய கமலுக்குத் தாய். 1991-ல் ‘தளபதி’யில் ரஜினிக்குத் தாய். ரஜினி 1950-ல் பிறந்தவர், ஸ்ரீவித்யா 1953-ல். மகனைவிடத் தாய் இளையவர். ‘தளபதி’யில் அவர் கண்கள் செய்தவை தமிழ் சினிமாவின் உச்சங்களில் சேரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், அந்த மாற்றத்தை அவர் தேர்ந்தெடுத்தாரா, தொழில் அவர் மேல் சுமத்தியதா? நடிகை சுஜாதாவின் கதையும் இதுதான். ‘அவர்கள்’ (1977) படத்தில் ரஜினியின் மனைவி, ‘பாபா’வில் (2002) ரஜினியின் தாய்.

ஆண் நட்சத்திரம் வேடம் மாற்றும்போது அதைப் பரிசோதனை என்று கொண்டாடுகிறோம். பெண்ணுக்கு அது நடக்கும்போது ‘அம்மா ரோலுக்கு வந்துட்டாங்க’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒருவருக்குக் கிடைக்கும் இடைவெளி மற்றவருக்குக் கிடைப்பதில்லை. ரஜினி வில்லனாகத் தொடங்கி நாயகனாகி, எழுபதைத் தாண்டி ‘ஜெயில’ரில் (2023) பேரனுடைய தாத்தாவாக வந்தும் படத்தின் மையத்திலேயே நிற்க முடிகிறது. முப்பத்தைந்து வயதில் ஸ்ரீவித்யா மையத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்தப்பட்டார்.

இதனால்தான் மனோரமாவின் முடிவு எனக்கு மேலும் மேலும் பெரிதாகத் தெரிகிறது. இந்தத் தொழில் பெண்ணிடம் எதை முதலில் பறிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பறிக்க வருவதற்கு முன்பே அதை அவர் கையிலிருந்து விட்டுவிட்டார்.

டிராக் போன பிறகு

இன்றைய நகைச்சுவை நடிகர்களுக்கு வந்திருக்கும் நெருக்கடி வேறு மாதிரி. எண்பது, தொண்ணூறுகளில் காமெடி டிராக் என்பது படத்துக்குள் ஒரு தனிப் படம். ‘கரகாட்டக்கார’னின் வாழைப்பழக் காட்சியை எழுதிய ஏ.வீரப்பன் போன்றவர்கள் அதற்கென்றே இருந்தார்கள். கவுண்டமணி - செந்தில் டிராக் இருந்தால் படம் வியாபாரமாகும். 2010-க்குப் பிறகு அந்த வழக்கம் தேய்ந்தது. படங்களின் நீளம் குறைந்தது, கதையோடு ஒட்டாத காட்சியை ரசிகர்கள் பொறுத்துக்கொள்வதில்லை, ஓ.டி.டி.யில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. ஆதித்யா, சிரிப்பொலி என்று இருபத்து நான்கு மணி நேர நகைச்சுவைச் சேனல்கள் வந்தன. பிறகு யூடியூப், மீம். கவுண்டமணியும் வடிவேலுவும் விவேக்கும் இப்போது எல்லா வேளையும் கையருகே இருக்கிறார்கள். புதிதாக வருகிற நகைச்சுவை நடிகர் பக்கத்துத் தியேட்டரில் ஓடும் படத்தோடு மட்டும் போட்டி போடவில்லை. இதுவரை தமிழில் எடுக்கப்பட்ட எல்லா நல்ல நகைச்சுவையோடும் போட்டி போடுகிறார். முந்தைய எந்தத் தலைமுறைக்கும் இப்படி ஒரு எதிராளி இருந்ததில்லை.

வடிவேலுவுக்கோ எதிராளி வடிவேலுவேதான். 2011-க்குப் பிறகு அவருடைய படங்கள் மிகவும் குறைந்தன. முகம் மட்டும் குறையவில்லை. 2019 மே மாதத்தில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் அவர் நடித்த நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது போல ட்விட்டர் அதிர்ந்தது. அந்தப் பழைய முகபாவங்களை மறுபடி செய்து காட்டினால் ஜனங்கள் பழைய கிளிப்பையே பார்த்துக்கொள்வார்கள். 2023-ல் ‘மாமன்ன’னில் மாரி செல்வராஜ் அவரிடமிருந்து அந்த முகபாவங்கள் அத்தனையையும் வாங்கி வைத்துவிட்டார். சொந்தக் கட்சிக்காரனின் முன்னால் உட்காரவும் தயங்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினர், அடக்கி அடக்கி வைத்த அழுகை. மதுரை மண்ணின் குரல் மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டே வடிவேலு புதிய நடிகராக வந்து நின்றார்.

சூரி 2009-ல் ‘வெண்ணிலா கபடி குழு’வின் பரோட்டாக் காட்சியால் அறியப்பட்டவர். 2023-ல் வெற்றிமாறனின் ‘விடுதலை’. அடுத்த வருஷம் ‘கருடன்’, ‘கொட்டுக்காளி’. மூன்றிலும் அந்த வெள்ளந்தி முகம் இருக்கிறது. முன்பு சிரிப்புக்காகப் பயன்பட்டது, இப்போது குற்ற உணர்வையும் விசுவாசத்தையும் வன்மத்தையும் தாங்குகிறது. ‘மண்டேலா’வில் (2021) யோகி பாபு, ‘பார்க்கிங்’ படத்தில் எம்.எஸ்.பாஸ்கர். பாஸ்கருக்கு அதற்காக 2025-ல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. எத்தனையோ காலம் நாடகம், டப்பிங், சின்னத்திரை, காமெடி என்று இருந்த மனிதர், வீம்பு பிடித்த ஓர் அரசாங்க ஊழியராக வந்து வீட்டு வாசலையே போர்க்களமாக்கினார்.

இவர்கள் எல்லோர் விஷயத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாறுவதற்கு அவர்கள் தயாராக இருந்தார்கள் என்பது பாதிக் கதை. மாற்றி எழுத ஒருவர் வந்தார் என்பது மீதிக் கதை. கலைவாணருக்கு அண்ணா, மனோரமாவுக்குக் கண்ணதாசனும் நாகராஜனும் விசுவும், நாகேஷுக்குக் கமல், சூரிக்கு வெற்றிமாறன். கலைஞர் எவ்வளவு துடித்தாலும், எழுதப்படாத வேடத்தில் நடிக்க முடியாது.

பெண்கள் பக்கம் இந்த எழுத்துதான் வறண்டு கிடக்கிறது. கோவை சரளா 1995-ல் ‘சதி லீலாவதி’யில் கமலுக்கு ஜோடியாக, கோவைப் பேச்சையே ஆயுதமாக்கி நடித்தார். படத்தைத் தூக்கிச் சுமக்கும் கனமான வேடமாக ‘செம்பி’ வந்தது 2022-ல். ஊர்வசி பதின்ம வயதில் ‘முந்தானை முடிச்சு’ (1983) நாயகி. ‘மைக்கேல் மதன காமராஜ’னில் திரிபுரசுந்தரி. டைமிங்கில் மனோரமாவுக்குப் பிறகு அவரைத்தான் சொல்ல வேண்டும். 2024-ல் தமிழில் ‘ஜே பேபி’யில் மனம் பேதலித்த தாயாக உருக்கினார். பாஸ்கருக்கு விருது அறிவிக்கப்பட்ட அதே பட்டியலில் ஊர்வசிக்கும் துணை நடிகை விருது இருந்தது; ஆனால் அது ‘உள்ளொழுக்கு’ என்ற மலையாளப் படத்துக்கு. நாற்பது ஆண்டுகளாக நம் கண் முன்னால் நடித்துக்கொண்டிருப்பவரின் உள்ளே இன்னும் என்ன இருக்கிறது என்று கேரளத்து இயக்குநர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அம்மா வேடத்தைத் தாண்டி ஒரு கதை எழுதத் தமிழ் இயக்குநர்கள் உட்கார வேண்டும். கால்ஷீட் கொடுக்க ஊர்வசியும் சரளாவும் தயாராகத்தான் இருக்கிறார்கள்.